ஓசூருக்குக் குடிவருகிறவர்களுக்கு: போர்வெல் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஓசூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் புரோக்கர் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார். "தண்ணிக்குக் கவலையே வேண்டாம் சார், ஆயிரம் அடி போர், நாள் முழுக்க வரும்." பெங்களூரில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்து அலுத்தவர்களுக்கு இது காதில் தேன் பாய்கிற செய்தி. ஆனால் எவ்வளவு வரும் என்பதற்குத்தான் அதில் பதில் இருக்கிறது. வருவது எப்படிப்பட்ட தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "நாங்கள்லாம் இதைத்தானே குடிக்கிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊர் நிலத்தடி நீருக்கு இரண்டு பக்கமிருந்தும் கெடுதல் வருகிறது. கீழே பாறையிலிருந்து ஃபுளோரைடு. மேலே நம்மிடமிருந்து செப்டிக் டேங்க் கழிவு, வயல் உரம், பட்டறைக் கழிவு. ஆழமாகத் தோண்டினால் மேலிருந்து வருவது குறையலாம். கீழிருந்து வருவது கூடவும் செய்யலாம். ஆகவே "ஆழமான போர்" என்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

ஊரின் அடியில் என்ன இருக்கிறது

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள் கிரானைட், நைஸ் வகைக் கடும்பாறையின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆற்றுமணல் பகுதியில் தண்ணீர் பரவலாக நிற்பதுபோல் இங்கே நிற்காது. மேலே கொஞ்சம் மண்ணும் மொரம்பும்; அதற்குக் கீழே பாறை; பாறைக்குள் அங்கங்கே வெடிப்புகள். தண்ணீர் ஓடுவது அந்த வெடிப்புகளில்தான். அதனால்தான் ஒரு வீட்டில் 400 அடியில் கிடைத்த தண்ணீர் அடுத்த வீட்டில் 1000 அடியிலும் கிடைப்பதில்லை. அதே காரணத்தால், தெருக்கோடி வீட்டின் கழிவு ஒரு வெடிப்பு வழியே உங்கள் போருக்கு வந்து சேர்வதும் நடக்கும். நடுவில் இருக்கிற வீட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இந்தப் பாறைகளில் ஃபுளோரைட், அப்படைட், கருப்பு மைக்கா போன்ற கனிமங்கள் இருக்கின்றன. தண்ணீர் பாறைக்குள் நெடுநாள் தங்கும்போது அவற்றிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வருகிறது. இதில் தொழிற்சாலையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓசூருக்கும் காவிரித் தண்ணீர் தரும் திட்டத்தின் முழுப்பெயரே 'ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம்'. ஃபுளோரைடு மிஞ்சினால் பல்லும் எலும்பும் கெடுவதைத்தான் ஃபுளோரோசிஸ் என்கிறார்கள். ஜப்பான் நிதியுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கி வைத்தார்கள். இரண்டு மாவட்ட மக்களுக்குப் பாறைத் தண்ணீருக்கு மாற்றாக ஆற்றுத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும் என்ற அளவுக்கு இது பழைய, ஊரறிந்த பிரச்சினை. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து இங்கே வீடு பார்க்கிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

மேலிருந்து வருகிற கெடுதல் புதிது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் ஊர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் எல்லாம் ஊருக்குள் வந்துவிட்டன. 2019இல் ஓசூர் மாநகராட்சியும் ஆனது. வீடுகள் வந்த வேகத்தில் சாக்கடைக் குழாய்கள் வரவில்லை. நேற்றுவரை ரோஜாவும் முட்டைக்கோஸும் விளைந்த நிலத்தில் இன்று முப்பதுக்கு நாற்பது மனைகள். ஒவ்வொரு மனையிலும் ஒரு போர், ஒரு செப்டிக் டேங்க்.

முதல் படி: குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?

வீட்டுக்காரரிடம் இதை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்: காவிரி இணைப்பு இருக்கிறதா, இருந்தால் அது எந்தத் தொட்டியில் விழுகிறது?

பெரும்பாலான வீடுகளில் காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில், அதாவது தரைக்கு அடியில் கட்டிய தொட்டியில்தான் விழுகின்றன. குடிநீர் வராத நாட்களில் போரைப் போட்டு நிரப்புவார்கள். அப்படியானால் நீங்கள் குடிப்பது ஒரு நாள் ஒரு கலவை, மறுநாள் இன்னொரு கலவை. பரிசோதனை செய்தாலும் எதைச் சோதித்தோம் என்று தெரியாது. காவிரி இணைப்புள்ள வீடென்றால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைக்க 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். ஐந்தாம் படிக்குப் போய் ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு.

டேங்கர் தண்ணீர் என்றால் அதுவும் யாரோ ஒருவருடைய போர்தான். இன்று ஒரு தோட்டத்திலிருந்து வரும், நாளை வேறு தோட்டத்திலிருந்து. குடிக்க உகந்ததாக எண்ண வேண்டாம். கேன் தண்ணீரில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா, மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, நிரப்பிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் நாள்கணக்கில் நின்ற கேன்களைத் தவிருங்கள்.

இரண்டாம் படி: வீட்டைச் சுற்றி ஒரு நடை

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கையில் ஒரு டேப் இருந்தால் நல்லது.

போர்வெல்லின் வாய் எங்கே இருக்கிறது? கேசிங் பைப், அதாவது போரின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்கும் குழாய், தரைக்கு மேல் ஓரடியாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மூடியிருக்க வேண்டும், சுற்றிலும் சிமென்ட் மேடை இருக்க வேண்டும். பல புது வீடுகளில் போர்டிகோ அழகாக இருக்க வேண்டும் என்று கேசிங்கைத் தரைமட்டத்துக்கு அறுத்து, மேலே டைல்ஸ் ஒட்டிய மூடி ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். அதன் மேல்தான் கார் நிற்கும், கார் கழுவிய தண்ணீரும் வழிந்து அதற்குள்தான் இறங்கும்.

அடுத்து செப்டிக் டேங்க். கழிவு உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதாவது ஏறக்குறைய 60 அடி. இப்போது முப்பதுக்கு நாற்பது மனையைக் கணக்குப் போடுங்கள். ஒரு மூலையில் போர், நேர் எதிர்மூலையில் செப்டிக் டேங்க் என்று முடிந்தவரை தள்ளிக் கட்டினாலும், மூலைக்கு மூலை 50 அடிதான். நியாயமாக நடக்கிற ஆளாலும் தன் மனைக்குள் அந்த இடைவெளியைக் கொடுக்க முடியாது. அப்புறம் உங்கள் போருக்குப் பத்தடியில் மதில் சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் இருக்கும். அதையும் எட்டிப் பாருங்கள். டேங்குக்கு அடியில் தளம் போட்டிருக்கிறார்களா, அல்லது வெறும் சிமென்ட் உறைகளை இறக்கி மண்ணிலேயே விட்டுவிட்டார்களா என்று கேளுங்கள். "எங்க டேங்க் நிரம்பினதே இல்ல சார், பத்து வருஷமா லாரி கூப்பிட்டதே இல்ல" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கவனமாக இருங்கள். நிரம்பாத டேங்கில் போனதெல்லாம் எங்கோ போய்க்கொண்டுதானே இருக்கிறது?

மூன்றாவதாக சம்ப். நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று பயந்து வருகிற பல வீடுகளில் கெட்டிருப்பது சம்ப்தான். செப்டிக் டேங்குக்கும் சம்ப்புக்கும் நாலடி இடைவெளி, இரண்டுக்கும் பூசிய சிமென்ட் வெடித்திருக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஈரக்கோடு வழிந்திருந்தால், வெளியிலிருந்து உள்ளே கசிகிறது என்று அர்த்தம்.

வற்றிப்போன பழைய போர் ஏதாவது இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளியலறைத் தண்ணீரையும், சில இடங்களில் செப்டிக் டேங்க் வழிவதையும் வற்றிய போருக்குள் குழாய் போட்டு விடுகிற பழக்கம் இருக்கிறது. உறிஞ்சு குழியிலாவது பல அடி மண் இருக்கிறது. மண்ணில் கிருமிகள் கொஞ்சம் வடியும், சாகும். போருக்குள் விட்டால் நேரே பாறை வெடிப்புக்குப் போகும். அங்கே வடிகட்ட ஒன்றுமே கிடையாது. தெருவில் ஒரே ஒரு வீட்டுக்காரர் இப்படிச் செய்தாலும் அந்த வெடிப்பைத் தொட்ட எல்லாப் போரும் கெடும். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் அதை அடைக்கச் சொல்லிவிட்டுத்தான் குடிவர வேண்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறநகர்க் கழிவுகளைச் சுமந்துகொண்டு, கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் மலைபோல் நுரை கிளம்புவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சோப்புத்தூள், வீட்டுக் கழிவு, ஆலைக் கழிவு எல்லாம் சேர்ந்த நுரை அது. ஆற்றை ஒட்டியும், அந்தப் பாசனக் கால்வாய்களை ஒட்டியும் வீடு பார்க்கிறவர்கள் வழக்கமான பரிசோதனையோடு உலோகங்களுக்கான பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிப்காட்டை ஒட்டிய பகுதிகளுக்கும், உலோகத்துக்கு முலாம் பூசுகிற பட்டறைகள் உள்ள தெருக்களுக்கும் அதே பேச்சு. போர் தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடித்தால் லேசாக எலுமிச்சை மஞ்சள் தட்டுகிறது என்றால், குரோமியமாக இருக்கலாம். அதைச் சோதிக்கும்வரை வாயில் வைக்கக் கூடாது.

மூன்றாம் படி: மாதிரி எடுப்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ப் பரிசோதனைக் கூடம் உண்டு. பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஓசூர்க்காரர்களுக்கு அது கிருஷ்ணகிரி. தனியார் கூடம் என்றால், தேசிய அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டு, ஃபுளோரைடு, நைட்ரேட் இரண்டும் அவர்களுடைய பட்டியலில் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மலிவான 'பேக்கேஜ்'களில் இந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள். ஓசூரில் இந்த இரண்டும் இல்லாத பரிசோதனைக்குப் பணம் கொடுப்பது வீண்.

மாடித் தொட்டிக் குழாயில் பிடிக்காதீர்கள். மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, போரிலிருந்து வரும் குழாயில் நேராகப் பிடியுங்கள். வேதிப் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். குளிர்பானப் பாட்டில் வேண்டாம். அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் விளிம்புவரை நிரப்பி, மூடி, மேலே இடம், தேதி, நேரம், போரின் ஆழம் எழுதி ஒட்டி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

கிருமிப் பரிசோதனைக்கு இது ஆகாது. அதற்குக் கூடத்திலேயே கிருமிநீக்கம் செய்த பாட்டில் தருவார்கள். அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது, ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோக வேண்டும். உலோகப் பரிசோதனைக்கும் அமிலம் விட்ட தனிப் பாட்டில் உண்டு; கேட்டு வாங்குங்கள். முடிந்தால் சமையலறைக் குழாயிலும் ஒரு கிருமி மாதிரி எடுங்கள். போரில் கிருமி இல்லை, சமையலறையில் இருக்கிறது என்று வந்தால் குற்றவாளி சம்ப்போ மாடித் தொட்டியோதான்.

நான்காம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட்டில் இருபது வரி இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு எண்கள் உண்டு: ஏற்கத்தக்க அளவு ஒன்று, வேறு நீர் ஆதாரமே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு இன்னொன்று. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், ஓசூர்க்காரர்கள் பார்க்க வேண்டியவை இவை:

ஃபுளோரைடு: 1.0, உச்சம் 1.5
நைட்ரேட்: 45, இதற்கு மேல் சலுகை கிடையாது
மொத்தக் கடினத்தன்மை: 200, உச்சம் 600
கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ்: 500; உச்சம் 2000
குளோரைடு: 250, உச்சம் 1000
ஈ.கோலி, அதாவது மலக் கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி: 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது

நைட்ரேட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில கூடங்கள் அதை 'நைட்ரேட் நைட்ரஜன்' என்று எழுதும். அந்தக் கணக்கில் எல்லை 45 இல்லை, ஏறக்குறைய 10. ரிப்போர்ட்டில் '18' என்று பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நைட்ரஜன் கணக்கென்றால் அது 80ஐத் தொடுகிறது.

எண்களைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஜோடியாகப் பார்த்தால் கதை புரியும். இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் டிடிஎஸ் 420, கடினத்தன்மை 110, ஃபுளோரைடு 2.2. இரண்டாம் வீட்டில் டிடிஎஸ் 1100, கடினத்தன்மை 480, ஃபுளோரைடு 0.7, நைட்ரேட் 20. முதல் வீட்டில் சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும், டீ ருசிக்கும், விருந்தாளிகள் "நல்ல தண்ணிங்க" என்பார்கள். இரண்டாம் வீட்டில் குழாயெல்லாம் உப்புப் பூத்திருக்கும், தலைமுடி சிக்குப் பிடிக்கும், ஹீட்டர் காயில் வெள்ளை அடை படியும். ஆனால் குழந்தைகள் உள்ள குடும்பம் தவிர்க்க வேண்டியது முதல் வீட்டுத் தண்ணீரைத்தான். இது தற்செயலும் இல்லை. கால்சியம் அதிகமிருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய மென்னீரில்தான் ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். கடினநீர் வாளிக்கும் முடிக்கும் எதிரி. உடம்புக்குப் பெரிய எதிரி இல்லை.

டிடிஎஸ் மீட்டரை நம்பி ஏமாறுவதும் இதனால்தான். பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவி தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும் அளந்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கரைந்திருப்பது சமையல் உப்பா, ஃபுளோரைடா என்று அதற்குத் தெரியாது. கிருமியும் தெரியாது. மாதாமாதம் அளந்து எழுதி வைத்தால் ஒரு பயன் உண்டு: எப்போதும் 600 காட்டிய போர் திடீரென 900 காட்டினால் ஏதோ புதிதாகக் கலந்திருக்கிறது என்று புரியும்.

நைட்ரேட்டும் குளோரைடும் சேர்ந்து ஏறியிருந்தால் செப்டிக் டேங்க் அல்லது சாக்கடை; ஈ.கோலியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். குளோரைடு சாதாரணமாக இருந்து நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால், லேஅவுட் வருவதற்கு முன் அங்கே விளைந்த பயிருக்குப் போட்ட உரத்தையும் யோசியுங்கள். பழைய தோட்டங்களின் தழைச்சத்து நிலத்தடி நீரில் பல ஆண்டுகள் தங்கும்.

யாருக்கு எது ஆபத்து என்பதையும் பிரித்துப் பாருங்கள். நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் பால்பவுடர் கலக்கி ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து குழந்தை நீலம் பாரிக்கலாம். ஃபுளோரைடு நிதானமாக வேலை செய்யும். நிலைப்பற்கள் உருவாகும் வயதில், அதாவது ஏழெட்டு வயதுக்குள், அதிகமாகப் போனால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடுகளும் விழும். அது தேய்த்தால் போகாது. பல ஆண்டுகள் தொடர்ந்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகும். குடியேறப் போகிற கிராமத்துப் பகுதியில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிரிப்பதைக் கவனியுங்கள். முன்பற்களில் குறுக்குக் கோடுகள் பலருக்கும் தெரிந்தால், ரிப்போர்ட் வருவதற்கு முன்பே ஒரு தகவல் கிடைத்துவிட்டது.

ஐந்தாம் படி: எதற்கு எது மருந்து

கடைக்குப் போவதற்கு முன் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்பனையாளர் வீட்டுக்கு வந்து ஒரு வித்தை காட்டுவார். இரண்டு கம்பிகள் வைத்த கருவியை உங்கள் போர் தண்ணீர் டம்ளரிலும் ஆர்.ஓ. தண்ணீர் டம்ளரிலும் விட்டு சுவிட்சைப் போடுவார். உங்கள் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் பழுப்பும் கறுப்புமாகக் குழம்பும், ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். "பாருங்க மேடம், இதைத்தான் குடிக்கிறீங்க." குழம்பியது உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்வதால் கம்பி கரைகிறது. உப்பே இல்லாத தண்ணீரில் பாய்வதில்லை. அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் குழம்பும்.

கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் காய்ச்சுவதே போதும், புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யு.வி. வடிகட்டியும் சரி. சம்ப்பைக் கழுவி, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, அரை மணி நேரம் விடலாம். திறந்து கிடந்து வாசனை போன பவுடர் வேலைக்கு ஆகாது.

ஃபுளோரைடு, நைட்ரேட் இரண்டுக்கும் காய்ச்சுவது எதிர்விளைவு. தண்ணீர் ஆவியாகப் போகும். இவை போகாமல் இன்னும் அடர்த்தியாகும். யு.வி.யும் தொடாது. கடினநீருக்கு வைக்கிற சாஃப்ட்னரும் தொடாது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்துக் குறைப்பது ஆர்.ஓ. தான். ஃபுளோரைடு மட்டும் அதிகம் என்றால், செயலூட்டிய அலுமினா நிரப்பிய வடிகட்டியும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அந்த அலுமினா தீர்ந்துபோகும், புதுப்பிக்க வேண்டும், அதைச் செய்து தரும் ஆள் ஊரில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எந்த வடிகட்டி வைத்தாலும் சமையலுக்கும் அந்தத் தண்ணீரையே பயன்படுத்துங்கள். சோறு, களி, குழம்பு எல்லாம் உலையில் ஊற்றிய ஃபுளோரைடையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்கின்றன. குடிக்க மட்டும் ஆர்.ஓ., உலைக்குப் போர் தண்ணீர் என்று வைத்திருக்கிற வீடுகள் ஏராளம். ராகி, பால், கீரை போன்ற கால்சியம் உள்ள சாப்பாடு ஃபுளோரைடு உடம்பில் ஏறுவதைக் கொஞ்சம் தடுக்கும். ஓசூர்ப் பக்கத்து ராகிக் களி இந்த வகையில் நல்ல துணை, அதுவே மருந்தாகிவிடாது.

வைத்த மறு வாரம், ஆர்.ஓ. தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று ஒரு முறை சோதியுங்கள். மெஷின் கழிக்கும் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். அதை மழைநீர்க் குழியில் மட்டும் விடாதீர்கள்; வடிகட்டி எடுத்த ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அதில்தான் இருக்கின்றன.

புதிதாகப் போர் போடுகிறவர்களுக்கு

கேசிங் பைப்புக்கு அடிக்கணக்கில் தனி விலை. அதனால் போர் வண்டிக்காரர், "நாற்பதடியில பாறை வந்துடுச்சு, போதும்" என்று நிறுத்தினால் வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். மொரம்பும் நொறுங்கிய பாறையும் தாண்டி, கெட்டிப் பாறைக்குள் சில அடி இறங்கி கேசிங் உட்கார வேண்டும். கேசிங்குக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சிமென்ட் பாலால் அடைக்க வேண்டும். செப்டிக் டேங்க் கழிவு இறங்குவது அந்த இடைவெளி வழியாகத்தான். வண்டி ஓடும்போது பக்கத்தில் ஆள் நின்று எத்தனையாவது அடியில் ஈரம், எத்தனையாவது அடியில் ஊற்று என்று எழுதி வைக்க வேண்டும். பின்னால் தண்ணீர் கெட்டால், மேல் ஊற்றா கீழ் ஊற்றா என்று கண்டுபிடிக்க அந்தக் காகிதம் ஒன்றுதான் உதவும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர். ஃபுளோரைடே இல்லாத தண்ணீர் அது; சல்லி, மணல் வழியாக வடிகட்டி இறக்கினால் போர் தண்ணீரை நீர்க்கச் செய்யும். மொட்டை மாடித் தண்ணீரை மட்டும் விடுங்கள். வாசலில், தெருவில் ஓடுகிற தண்ணீரைப் போருக்குள் திருப்புவது சாக்கடையைத் திருப்புவதுதான்.

மறுபடி எப்போது, யாரிடம்

முதல் ஆண்டு இரண்டு முறை சோதியுங்கள்: மே மாதம் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒன்று. கோடையில் ஃபுளோரைடும் உப்பும் உச்சத்தில் இருக்கும். மழைக்குப் பின் கிருமியும் நைட்ரேட்டும் தலைகாட்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை போதும். பக்கத்து மனையில் புதுப் போரோ புது செப்டிக் டேங்கோ வந்தால், அல்லது தண்ணீரின் நிறமோ வாசனையோ மாறினால், உடனே இன்னொரு முறை.

ஆலைக் கழிவு என்று சந்தேகம் வந்தால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஓசூரிலேயே இருக்கிறது. எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காவிரி இணைப்பு வராத தெரு என்றால், நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் சோதித்து, ரிப்போர்ட்டுகளை இணைத்து மாநகராட்சிக்கு மனு கொடுங்கள். ஒவ்வொரு போரின் ஆழம், மாதிரி எடுத்த தேதி, ஃபுளோரைடு, நைட்ரேட் நான்கையும் மனுவிலேயே எழுதுங்கள். 'எங்கள் தெருவில் தண்ணீர் சரியில்லை' என்று மட்டும் எழுதினால், யாராவது வந்து தொட்டியில் குளோரின் போட்டுவிட்டுப் போவார்கள். ஃபுளோரைடுக்கு அது ஒன்றும் செய்யாது.